டாட் காமுக்கு வில்லங்கச் சான்றிதழ்

மனித குலம் இதுவரை செய்த காரியங்களிலேயே மிகப் பொறுப்பான காரியம் எது என்று கேட்டால், 2005ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூர் பஜார் தெருவில், ஸ்ரீ கோதண்டராமன் ஜவுளி ஸ்டோர்ஸின் பின்கட்டில், ஓர் இணையக் கடைக்குப் பெயர் தேர்ந்தெடுத்த காரியத்தைத்தான் சொல்வேன். நிலவுக்கு ஆள் அனுப்பியவர்கள்கூட இத்தனை கூட்டம் போட்டிருப்பார்களா என்பது சந்தேகம். நாங்கள் பத்தொன்பது கூட்டம் போட்டோம். பத்தொன்பதுக்கும் நடவடிக்கைக் குறிப்பு இருக்கிறது. எழுதியது நான். ஆகவே இதில் பொய் இருக்க வழியில்லை. உண்மை மட்டும் சில இடங்களில் குழுவின் ஒப்புதலோடு திருத்தப்பட்டிருக்கும்.

முதலில் முதலாளியைப் பற்றி. கோதண்டராமனை ஜவுளி வியாபாரி என்று சொல்வது அவரைக் குறைத்துச் சொல்வதாகும். ஒரகடம் ரோட்டில் அவருக்கு இருந்த வேர்க்கடலைக் கொல்லை, தொழிற்சாலைகள் வந்ததும் மனைகளாகப் பிரிந்தது. அன்றிலிருந்து உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அவர் மனையாகவே பார்க்கிறார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூடப் பின்பக்கம் திருப்பி, முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். ஜவுளிக் கடை அவருக்குப் பொழுதுபோக்கு.

கடைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட். அதில் ஐந்து தையல் மிஷின்கள், ஐந்து பெண்கள். நானும் ஒருத்தி. நாங்கள் தைத்தது நைட்டி. இந்தச் சொல்லைக் குழுவின் குறிப்புகளில் எங்கே தேடினாலும் கிடைக்காது. காரணம் சற்று நேரத்தில் தெரியும்.

எங்கள் நைட்டி ஊரில் விற்கும் நைட்டி மாதிரி அல்ல. வலது பக்கம் பை உண்டு. ஹாஸ்டலில் தங்கியிருக்கும் கம்பெனிப் பெண்கள் பெட்டிச் சாவியையும் செல்போனையும் வைக்க இடமில்லாமல் எந்நேரமும் கையிலேயே பிடித்துக்கொண்டு திரிவதைப் பார்த்து, உலகம்மாள் அக்கா வைத்த பை. அக்கா அம்பாசமுத்திரத்துப் பக்கம். மகள் கார் உதிரிபாகக் கம்பெனி லைனில் சேர்ந்தபோது துணைக்கு வந்தவர். ஆறு வருஷமாக ஷெட்டில் முதல் மிஷின் அவருடையதுதான். வெட்டுவது அவர், எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அவர், திட்டுவதும் அவர்.

சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காக மலேசியாவிலிருந்து சந்திரலேகா என்ற அம்மாள் வந்திருந்தார். கிள்ளானில் துணிக்கடை வைத்திருப்பவர். எங்களிடம் ஆறு நைட்டி வாங்கிப் போனார். மறுநாள், பையைப் பற்றிப் பேசுவதற்கென்றே கடைக்குத் திரும்பி வந்தார். இணையத்தில் ஒரு கடை திறந்து, படமும் அளவும் போட்டு, அதன் விலாசத்தை அக்டோபர் முதல் தேதிக்குள் தன்னிடம் சொன்னால், தீபாவளிக்கே ஆர்டர் தருவதாகவும், பிறகு மாதம் முந்நூறு எடுத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

அவர் போனதும் முதலாளி ஷெட்டைக் காலடியால் அளந்தார். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் வரப்போகின்றன, ஆயிரக்கணக்கில் பெண்களை எடுக்கப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

"இந்தாம்மா தையக்காரம்மா" என்றார். "மலேசியா ஆர்டர் வந்துச்சுன்னா ஷெட்டு உங்களுக்கு. வர்லைன்னு வெச்சிக்கோ, தை மாசம் பன்னெண்டு கட்டில் போட்டு ஹாஸ்டல் ஆக்கிடுவேன். அப்பறம் என்னைய இன்னா ஏதுன்னு கேக்கக்கூடாது."

"நாங்க தைக்கத்தான் முடியும் அண்ணாச்சி. விலாசத்தை நீங்கதான வாங்கணும்" என்றார் அக்கா.

"அத நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்ட விதம்தான் இந்த வரலாறு.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நாலு கம்ப்யூட்டர் வைத்து நெட் சென்டர் நடத்தும் ஜோயலை அழைத்தார்கள். ஜோயல் நின்ற நிலையிலேயே விஷயத்தை முடிக்கப் பார்த்தான்.

"பேரு மட்டும் சொல்லுண்ணா. மெட்ராஸ்ல எனக்கு ஒரு டீலர் கீறாரு. பத்து நிமிஷத்துல ரிஜிஸ்டர் பண்ணிக் குடுத்துர்றேன்."

முதலாளியின் முகம் சுருங்கியது. "பத்து நிமிஷமா? டேய், ஒரு கோழிக் கூண்டு வாங்கறதுக்கே நான் ரெண்டு வாரம் பாப்பேன்டா."

"இது கூண்டு இல்லண்ணா, பேரு."

"அதத்தான் நானும் சொல்றேன். கூண்டு ஒடஞ்சா வேற வாங்கிக்கலாம். பேரு?"

இப்படியாகப் 'பெயர்த் தேர்வுக் குழு' உருவானது. தலைவர் கோதண்டராமன். சட்ட உறுப்பினர் சின்னப்பையன்: அறுபத்து மூன்று வயது, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் முப்பத்தைந்து வருஷமாகப் பத்திரம் எழுதுபவர். தர உறுப்பினர் நம்பிராஜன்: முதலாளி வீட்டு மாடியில் குடியிருப்பவர், ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர். இந்த மூவரும் வாழ்நாளில் ஒரு நைட்டியைத் தைத்தவர்களோ அணிந்தவர்களோ அல்லர். ஆகவே நடுநிலை தவறமாட்டார்கள். ஜோயலுக்கு விஷயம் தெரியும் என்பதால் ஓட்டுரிமை கொடுக்கவில்லை.

குறிப்பு எழுத ஆள் வேண்டுமே? "அந்த மூலை மிஷின் பொண்ணு கீதே, எப்ப பாத்தாலும் நோட்டுல இன்னாவோ எழுதிகினே இருக்கும். வாயே தொறக்காது. அத கூப்பிடு" என்றார் முதலாளி. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு இப்படி ஒரு பதவி. அன்று முதல் குழுவில் என் பெயர் 'நோட்டு'.

முதல் கூட்டத்தை நம்பிராஜன் நடத்தினார்.

"எடுத்த எடுப்புல பேருக்குப் போகக்கூடாது அண்ணாச்சி. எங்க கம்பெனில ஒய்-ஒய் அனாலிசிஸ்னு ஒண்ணு உண்டு. அஞ்சு தடவ ஏன் ஏன்னு கேட்டா ரூட் காஸ் வந்துரும். மொதக் கேள்வி. நமக்கு ஏன் பேர் வேணும்?"

"கடை வெக்க."

"ஏன் கடை வைக்கணும்?"

"விக்க."

"ஏன் விக்கணும்?"

"சம்பாதிக்க."

"ஏன் சம்பாதிக்கணும்?"

"சாப்பிட."

"ஏன் சாப்பிடணும்?"

முதலாளி சற்று யோசித்தார். "மணி ஒண்ணாச்சு" என்றார். கூட்டம் உணவுக்காகக் கலைந்தது. மூல காரணம் கண்டறியப்பட்டதாகக் குறிப்பில் எழுதினேன்.

இரண்டாம் கூட்டத்தில் ஒரு அசம்பாவிதம் நடந்தது. லேஸ் பிட்டு கேட்க வந்த உலகம்மாள் அக்கா, வாசலில் நின்றபடி ஐந்து நிமிஷம் பேச்சைக் கேட்டார். பிறகு கேட்காமலே கருத்துச் சொன்னார்.

"எதுக்கு இம்புட்டு யோசிக்கிய? விக்கது நைட்டி. நைட்டின்னு பேரைப் போட்டாத்தான நைட்டி வாங்குதவ வருவா? ஒரகடம் நைட்டின்னு வைங்க. முடிஞ்சது சோலி."

அறையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. (விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி எங்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு.) சின்னப்பையன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நம்பிராஜன் விசிறியைப் பார்த்தார். முதலாளி தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, நாலு பெரிய மனுஷன் உக்காந்துகினு கீற எடத்துல அந்த வார்த்தையச் சொல்லலாமா?"

"எந்த வார்த்தை?"

"அதான் இப்ப சொன்னியே."

"நைட்டியா?"

"மறுபடியும் சொல்லுது பாரு!"

"அண்ணாச்சி, கடை வாசல்ல அதை எட்டு நிறத்துல தொங்க விட்டிருக்கீய."

"தொங்கவிடறது வேறம்மா. சொல்றது வேற. நாளைக்கு மெட்ராஸ்ல ஒரு பெரிய ஆபீசர் உன் கடை பேரு இன்னான்னு கேட்டா நான் இன்னான்னு வாயத் தொறப்பேன்?"

சின்னப்பையன் சட்டப்படி ஒரு வழி சொன்னார். பத்திரங்களில் ஒரு சொத்தை மறுபடி மறுபடிச் சொல்ல நேரும்போது 'மேற்படி' என்றுதான் எழுதுவது. ஆகவே இனி அந்தப் பொருள் எல்லா ஆவணங்களிலும் 'மேற்படி பொருள்' என்றே குறிக்கப்படும் எனத் தீர்மானம் நிறைவேறியது. அதற்கு மேலே எங்கேயும் அந்தப் பொருளின் பெயர் வரவில்லையே என்று எனக்குச் சந்தேகம் வந்தது. என் பதவிக்கு வாய் கிடையாது என்பதால் எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த கூட்டங்களில் குழுவின் ஆற்றல் முழுமையாக வெளிப்பட்டது. ஆனியில் கடவுள் பெயர்கள் பரிசீலிக்கப்பட்டன. சாமி பெயரில் மேற்படி பொருளை விற்பது அபசாரம் என்று கைவிடப்பட்டன. ஆடியில் எதையும் தொடங்கக்கூடாது என்பதால், எதையும் தொடங்கவில்லை என்பதை உறுதி செய்ய மட்டும் நாலு கூட்டம் நடந்தது. ஆவணியில் நம்பிராஜன் ஒரு மீன் முள் படம் வரைந்துவந்து சுவரில் ஒட்டினார். தலைப்பக்கம் 'பெயர்' என்று எழுதி, ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணம். அதிலிருந்து அவர் தேற்றி எடுத்த பெயர், 'குளோபல் எக்ஸலன்ஸ் லேடீஸ் ஹோம் கம்ஃபர்ட் டோட்டல் சொல்யூஷன்ஸ் ஸ்ரீபெரும்புதூர் பிரைவேட்'.

ஜோயல் விரல் விட்டு எண்ணினான். பாதியில் விரல் தீர்ந்து மறுபடி எண்ணினான்.

"போவாதுண்ணா. அறுவத்தி மூணு எழுத்துதான் லிமிட்டு."

"அது யார் வச்ச லிமிட்டு?" என்றார் நம்பிராஜன்.

"அது அப்பிடித்தாண்ணா. உலகத்துக்கே அதான்."

"டாலரன்ஸ் எவ்வளவு?"

"இன்னாது?"

"பிளஸ் ஆர் மைனஸ் எவ்வளவு விடுவாங்க? எங்க கம்பெனில எந்த அளவுக்கும் டாலரன்ஸ் உண்டு தம்பி. இல்லாம டிராயிங்கே கிடையாது."

"பிளஸ்ஸும் இல்ல, மைனஸும் இல்லண்ணா. ஆள உடு."

மேலிடத்தில் பேசி அறுபத்து மூன்றை எழுபத்தைந்தாக உயர்த்த முயற்சிப்பது என்று தீர்மானம் போடப்பட்டது. யார் மேலிடம் என்பது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இதற்கிடையில் ஷெட்டில் உலகம்மாள் அக்கா நாட்காட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தார். அக்டோபர் முதல் தேதித் தாளின் ஓரத்தை மஞ்சள் நூலால் தைத்து வைத்திருந்தார். கூட்டம் முடிந்து நான் மிஷினுக்குத் திரும்பும்போதெல்லாம் கேட்பார்.

"ஏட்டி, பேரு வச்சாச்சா?"

"இல்லக்கா. இன்னிக்கு சப்-கமிட்டி."

"பெத்த புள்ளைக்கே முப்பது நாள்ல வச்சிருவோம். இது இன்னும் பொறக்கவே இல்லியே, அதுக்கா இந்தப் பாடு? மலேசியாக்காரி கைய விட்டுட்டா நாம எங்கிட்டி போவோம்? ஒனக்குக் கம்பெனிக்குப் போவ வயசு இருக்கு. நாப்பத்தி ஏழு வயசுக்காரிய எந்த லைன்ல நிப்பாட்டுவான்?"

பதினேழாம் கூட்டத்தில் அதிசயம் நடந்தது. முதலாளி கண் கலங்க எழுந்து, காலஞ்சென்ற தம் தாயார் கோதையம்மாளின் பெயரை முன்மொழிந்தார். கோதையம்மாள் டாட் காம். எதிர்ப்பதற்கு யாருக்கும் தைரியம் இல்லை. அந்த அம்மாள் உயிரோடு இருந்தவரை வீட்டு மருமகள்கள் யாரும் மேற்படி பொருளை உடுத்தக்கூடாது என்று கட்டளை இட்டிருந்தவர் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே, இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்று ஏகமனதாக முடிவானது.

ஜோயல் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க வந்தான். "கீதுண்ணா! ஃப்ரீயா கீது! இப்பவே போட்ரட்டா?"

அன்று செப்டம்பர் பன்னிரண்டு. அக்டோபர் முதல் தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள். ஷெட்டில் மிஷின்கள் நின்று, நாலு தலைகள் வாசல் பக்கம் நீண்டன.

"இரு நைனா" என்றார் சின்னப்பையன். அவருடைய நேரம் வந்துவிட்டது. மடியிலிருந்த பைலைப் பிரித்தார். "விக்கிறவன் யாரு?"

"அமெரிக்காவுல ஒரு கம்பெனி, சார்."

"அவனுக்கு யாரு வித்தா?"

"யாரும் விக்கல. யாரும் எடுக்காத பேரு. நாமதான் மொத ஆளு."

"அப்ப தாய்ப் பத்திரம் கெடையாது?"

"கெடையாது."

"பட்டா?"

"கெடையாது."

சின்னப்பையன் முதலாளியை இரக்கத்தோடு பார்த்தார். "கோதண்டம், இது புறம்போக்கு."

முதலாளி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். புறம்போக்கில் வீடு கட்டியவர்கள் கதி என்ன ஆனது என்று ரோடு அகலமாக்கியபோது அவர் கண்ணாரக் கண்டவர்.

"எத்தினி வருஷத்துக்குத் தரான்?" என்று சின்னப்பையன் தொடர்ந்தார்.

"வருஷா வருஷம் புதுப்பிக்கணும் சார்."

"பாத்தியா? கிரயமும் இல்ல. குத்தகை! புறம்போக்கக் குத்தகைக்கு உடறான் அமெரிக்காக்காரன். நாலு எல்லை சொல்லு."

"இன்னா எல்லை?"

"வடக்குல யாரு, தெக்குல யாரு? எல்லை இல்லாம நான் எப்பிடி எழுதறது?"

ஜோயல் தலையைப் பிய்த்துக்கொள்வான் என்று நினைத்தேன். ஆனால் அவனும் நாலு மாதமாகக் குழுவில் இருப்பவன். "எழுதிக்கங்க. வடக்குல கோதாவரி டாட் காம். தெக்குல கோதுமை டாட் காம். கெழக்குல கரண்டு கம்பம். மேக்குல என் கடை" என்றான். சின்னப்பையன் திருப்தியோடு எழுதிக்கொண்டார்.

பிறகு சட்ட உறுப்பினர் தம் தொழிலின் உச்சத்தைத் தொட்டார். வில்லங்கச் சான்று கிடைக்காத சொத்துக்கு ஒரே பரிகாரம் உண்டு. நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுப்பது. இன்ன பெயரை இன்னார் பதிவு செய்ய உத்தேசித்துள்ளார், யாருக்கேனும் ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கவும், தவறினால் பின்னிட்டு எவ்வித பாத்தியதையும் கோர முடியாது. கோதண்டராமன் இதுவரை வாங்கிய ஒரு மனையும் இப்படி அறிவிப்புக் கொடுக்காமல் வாங்கியதில்லை.

ஜோயலின் முகம் வெளுத்துப் போனது. "அண்ணா, வேணாண்ணா. பேர வெளிய சொன்னா எவனாவது தூக்கிகினு பூடுவான். மொதல்ல போட்டுடலாம், அப்பறம் விளம்பரம் குடு."

"பத்திரம் பண்ணிட்டு அப்பறம் வில்லங்கம் பாக்கச் சொல்றான் பாரு" என்று முதலாளி சிரித்தார். மூவரும் சிரித்தார்கள்.

வாசலிலிருந்து உலகம்மாள் அக்காவின் குரல் கேட்டது. "எய்யா, பஸ்ல எடம் புடிக்க துண்டு போடுவோமா, இல்ல 'இந்த எடம் காலியா இருக்கு, நான் உக்காரப் போறேன்'னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்து உக்காருவோமா?"

'தையல் பிரிவின் அவசரம் பதிவு செய்யப்பட்டது' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி அறிவிப்பு வெளியானது. ஐந்தாம் பக்கம், கட்டம் கட்டி, ஆங்கில எழுத்தில் பெயர் முழுசாக. நான்கு எல்லைகளுடன். முதலாளி அதைக் கத்தரித்து லேமினேட் செய்து கல்லாவுக்கு மேலே மாட்டினார். தினமும் தபால்காரரிடம் "ஆட்சேபணை ஏதாச்சும் வந்துகீதா?" என்று கேட்டார். ஒன்றும் வரவில்லை. பத்தாம் நாள் சின்னப்பையன், "முப்பத்தஞ்சு வருஷத்துல இவ்ளோ சுத்தமான சொத்த நான் பாத்ததில்ல" என்றார்.

செப்டம்பர் முப்பது, வெள்ளிக்கிழமை. பத்தொன்பதாவதும் கடைசியுமான கூட்டம் ஜோயலின் நெட் சென்டரில் கூடியது. நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை. பத்தரைக்கு ராகுகாலம். கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மவுஸுக்கு ஒரு பூ வைத்து, கற்பூரம் காட்டியபோது மணி பத்து. தைத்தவர்களும் பார்க்கட்டும் என்று முதலாளி பெரிய மனதோடு எங்கள் ஐவரையும் அழைத்திருந்தார். உலகம்மாள் அக்கா அன்று தலை நிறையப் பூ வைத்திருந்தார்.

ஜோயல் பெயரைத் தட்டினான். பார்த்தான். மறுபடி தட்டினான்.

"அண்ணா..."

"இன்னாடா?"

"எடுத்துட்டாங்கண்ணா. பன்னெண்டு நாளைக்கு முன்னாடியே. மறைமலை நகர்ல யாரோ இசக்கியப்பனாம். போன் நம்பரும் கீது."

அறிவிப்பு வந்த மூன்றாம் நாள். முதலாளி போனை வாங்கி ஸ்பீக்கரில் போடச் சொன்னார். மறுமுனையில் மிகவும் மரியாதையான குரல்.

"ஆமா அண்ணாச்சி, நாந்தான். பேப்பர்ல பாத்தேன். ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு போட்டிருந்தீய. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. அருமையான பேரு. அதான் எடுத்துக்கிட்டேன். வேணும்னா பேசிக்கிடலாம்."

"பேசாத கோதண்டம்!" என்று சின்னப்பையன் போனைப் பிடுங்கி வைத்தார். "புறம்போக்க ஆக்கிரமிச்சவன்கிட்ட கிரயம் வாங்கினா கோர்ட்டுல நிக்காது. நோட்டீஸ் உடலாம். கேஸ் போடலாம். பதினஞ்சு வருஷம் ஆனாலும் ஜெயிப்போம்."

மணி பத்து இருபது. ஜோயல் கெஞ்சினான். "அண்ணா, நாளைக்குக் கெடு. இன்னா பேரு சொன்னாலும் இப்பவே போட்டுர்றேன். ராத்திரிக்குள்ள படத்த ஏத்திர்லாம். ஒரே ஒரு பேரு சொல்லுண்ணா."

குழு உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாலு மாதம் பெயருக்காகவே கூடியவர்களிடம் ஒரு பெயர் இல்லை.

"ஒரகடம் நைட்டி" என்றார் உலகம்மாள் அக்கா. "அதைப் போட்டுப் பாரு தம்பி."

ஜோயல் தட்டினான். "கீது யக்கா! கீது!"

"அண்ணாச்சி, உம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அக்கா முதலாளியின் பக்கம் கைகூப்பினார். அவர் யாரையும் கும்பிட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. "அஞ்சு குடும்பம். ஆயுசுக்கும் கும்பிடுவோம். அம்மா பேரைக் கோர்ட்டுல வாங்கி அப்பறமா வச்சுக்கிடலாம். இப்போதைக்கு இது இருக்கட்டும்."

மணி பத்து இருபத்தைந்து. முதலாளி நம்பிராஜனைப் பார்த்தார்.

"புதுப் பேர்னா அது டீவியேஷன் அண்ணாச்சி" என்றார் நம்பிராஜன். "மீன் முள்லேர்ந்து மறுபடி ஆரம்பிக்கணும். புரோசீஜர் அதான்."

முதலாளி சின்னப்பையனைப் பார்த்தார்.

"புதுப் பேருக்குப் புது அறிவிப்பு. பதினஞ்சு நாளு" என்றார் சின்னப்பையன்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "எங்கம்மா பேரு வெச்ச எடத்துல நைட்டின்னு வெக்கச் சொல்றியா?" என்றார். நாலு மாதத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அப்போதுதான். குறிப்பில் ஏற்றவில்லை.

"நான் என் செலவுல போட்ரட்டா?" என்றான் ஜோயல்.

"என் கடை சரக்கு. என் கையெழுத்து இல்லாம போட்டுப் பாரு, போலீஸ்தான்."

பத்தரை ஆனது. ராகுகாலத்தில் தீர்மானம் போடக்கூடாது என்பதால், தீர்மானம் எதுவும் இல்லாமல் கூட்டம் இனிதே நிறைவுற்றது. உலகம்மாள் அக்கா தலையில் இருந்த பூவை எடுத்து, கீபோர்டின் மேல் வைத்துவிட்டுப் படி இறங்கினார்.

மறுநாள் சொன்னபடி கிள்ளானிலிருந்து போன் வந்தது.

"விலாசம் கேஸ்ல கீதும்மா" என்றார் முதலாளி.

"விலாசத்துக்கு என்னங்க கேஸு?" என்று சந்திரலேகா அம்மாள் கேட்டது ஷெட் வரைக்கும் கேட்டது. பிறகு அவர் கூப்பிடவில்லை. பை வைத்த நைட்டியை இப்போது வேறு ஊரில் யாரோ தைத்து அனுப்புகிறார்களாம். நன்றாகப் போகிறதாம்.

முதலாளி வாக்குத் தவறாதவர். தை பிறந்ததும் கட்டில்கள் வந்து இறங்கின. மிஷின்கள் வேனில் ஏறின. அன்று காலை சின்னப்பையன் முத்திரைத் தாளில் ஒரு ஆவணம் எழுதி எடுத்து வந்தார். இதற்குக் கூட்டம் எதுவும் தேவைப்படவில்லை. நாளிதழில் யாரும் ஆட்சேபணை கேட்கவில்லை. பின்னால் வில்லங்கம் வரக்கூடாது என்பதற்காக எழுதியதாம். உரக்கப் படித்துக் காட்டினார்.

"கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் ஐவரும், சுய நினைவுடனும் முழு மனச் சம்மதத்துடனும், பிறருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றி, எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் மேற்படி வேலையிலிருந்து விலகிக்கொள்கிறோம்."

அழகான எழுத்து. 'ஐவரும்' என்பதற்குக் கீழே ஐந்து கோடுகள். கோடுகளில் ஒன்றும் இல்லை.

"பேரு போடலியே?" என்றார் உலகம்மாள் அக்கா.

சின்னப்பையன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி நம்பிராஜனைப் பார்த்தார். நம்பிராஜன் தம் டைரியைப் புரட்டினார்.

"அத நீங்களே போட்டுக்கங்கம்மா" என்றார் முதலாளி. "உங்க பேருதானே."

"எந்தப் பேரைப் போட அண்ணாச்சி? நீங்க கூப்புடுததையா, எங்க அப்பன் வச்சதையா?"

"நோட்டு, நீயே எழுதிடு" என்று தாள் என்னிடம் வந்தது. என் குறிப்புகள் பத்தொன்பதையும் ஒருமுறை மனதுக்குள் புரட்டினேன். தலைவர் பெயர் இருக்கிறது. உறுப்பினர்கள் பெயர் இருக்கிறது. டீ வாங்கிய கடையின் பெயர்கூட இருக்கிறது. எங்களுக்கு மட்டும் 'தையல் பிரிவு'. எழுதியது என் கைதான்.

நிதானமாக, ஒரு கோட்டுக்கு ஒன்றாக எழுதினேன். உலகம்மாள். கங்கம்மாள். முப்பிடாதி. செல்வலட்சுமி. எழிலரசி.

பெயர் விஷயத்தில் முதலாளி எப்போதும் கவனமானவர். தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடி போட்டு, ஒன்று விடாமல் படித்தார். பிறகு எங்கள் ஐந்து பேரையும் வரிசையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுல உலகம்மாங்கறது யாரு?"